ஒரு கிலோ மெழுகு காசாகத் திரும்பும் வரை: மடு றோட்டுப் பக்கம் ஒரு வீட்டுத் தொழிலின் கணக்கு

வீட்டில் மெழுகுதிரி செய்து விற்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கு நீங்கள் வாங்குகிற ஒரு கிலோ மெழுகு, திரும்பக் காசாகக் கைக்கு வர எவ்வளவு காலம் எடுக்கும்? அச்சு எங்கே வாங்கலாம், என்ன நிறம் போடலாம், வாசனை சேர்க்கலாமா என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். மன்னார் மாவட்டத்தில் மடு றோட்டுக்குக் கிட்ட என் சின்னம்மா நடத்துகிற தொழிலைத் தொடக்கத்திலிருந்து பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், அவருடைய கொப்பியில் வரவு செலவு எழுதிக் கொடுப்பவனும் நான்தான். இங்கே ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ இல்லை, அவருக்கு அது விருப்பமில்லை. மெழுகு விலை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால், கீழே வருகிற ரூபாக் கணக்கெல்லாம் ஒரு கிலோ ஆயிரம் ரூபா என்று வைத்துக்கொண்டு போட்ட மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், தொகை மாறும், கணக்கின் போக்கு மாறாது.

எப்படித் தொடங்கியது

சித்தப்பாவுக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில் கொஞ்ச வயல். மழை சரியாக இருந்தால் பெரும்போகம் விளையும், குளத்தில் மிச்சத் தண்ணி நின்றால் சிறுபோகமும் கொஞ்சம் செய்யலாம், இல்லையென்றால் அடுத்த மாரி வரை கூலி வேலைதான். அந்த இடைக்காலத்தை நிரப்பத்தான் சின்னம்மா ஏதாவது செய்ய நினைத்தார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு சிறு பயிற்சி, சங்கத்தின் சுழற்சி நிதியில் ஒரு சின்னக் கடன், அலுமினிய அச்சு ஒன்று, இரண்டு பெரிய பானை, ஒரு தராசு. இவ்வளவுதான் முதல்.

மெழுகுதிரியைத் தெரிந்தெடுத்ததற்கு மடு மாதா கோயில் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம். ஆனால் தொடங்கும்போது அவர் செய்தது மடுவுக்கான திரி இல்லை, கடையில் பக்கற் போட்டு விற்கிற வெள்ளைத் திரி. அதற்கும் காரணம் இருந்தது. வன்னியில் அவருடைய வயதுக்காரர்களுக்கு வெளிச்சம் என்பது எப்போதும் தட்டுப்பாடான பொருள். மண்ணெண்ணெய் கிடையாத காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்து, ஒரு சொட்டு எண்ணெயும் வீணாகாமல் எரித்துப் படித்தவர்கள், பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். அவர்களுக்கு ஒரு வீட்டில் மெழுகுதிரி இல்லாமல் இருப்பதே விளங்காது. ஆனால் மின்சாரம் வந்த பிறகு வீட்டுக்குத் திரி வாங்குகிறவர் அவசரத்துக்கு ஒரு பக்கற் வாங்கி அலுமாரியில் போட்டுவிடுவார், அது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். வெளிச்சத்துக்கான சந்தை சுருங்கிவிட்டது, மன்றாட்டுக்கான சந்தை அப்படியே இருக்கிறது. இந்தத் தொழிலில் நடந்த எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைப் பக்கற் ஏன் சரிவரவில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிற கனபேர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

2 சென்ரிமீற்றர் விட்டம், 20 சென்ரிமீற்றர் நீளம் உள்ள ஒரு திரியை எடுங்கள். அதன் கனவளவு கிட்டத்தட்ட 63 கன சென்ரிமீற்றர். பரபின் மெழுகு தண்ணீரைவிடக் கொஞ்சம் இலேசு, ஒரு கன சென்ரிமீற்றர் ஏறத்தாழ 0.9 கிராம். ஆகத் திரி ஒன்று 56, 57 கிராம் வரும். ஒரு கிலோவுக்குப் பதினேழு திரி. கிலோ ஆயிரம் ரூபா என்றால் மெழுகு மட்டும் ஒன்றுக்கு 59 ரூபா. திரிநூல் 3, பக்கற்றும் மட்டைப் பெட்டியும் 4, விறகோ காஸோ 2, கடைக்குக் கொண்டுபோகிற செலவு 4 என்று வையுங்கள், 72 ஆகிறது. கடைக்காரர் 100 ரூபாவுக்கு விற்க வேண்டுமென்றால் உங்களிடம் 85க்குத்தான் எடுப்பார். மிஞ்சுவது 13 ரூபா. அதில் யாருடைய கூலியும் கழிக்கப்படவில்லை. உடைந்தது, வளைந்தது, சட்டியின் அடியில் ஒட்டினது எதுவும் கழிக்கப்படவில்லை.

அச்சின் விட்டத்தையும் பாருங்கள். 20 மில்லிமீற்றருக்குப் பதிலாக 21 மில்லிமீற்றர் அச்சு வாங்கினால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, மெழுகு பத்து வீதம் கூடிவிடும். மேலே சொன்ன 13 ரூபாவில் 6 ரூபா அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் போய்விடும். அச்சு வாங்கும்போது விட்டத்தை அளக்காமல் வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கொழும்புத் தொழிற்சாலைகள் மெழுகைத் தொன் கணக்கில் வாங்குகிறவை. அந்த விலையோடு நாங்கள் ஒரு சாக்கு வாங்கி மோத முடியாது.

இலாபம் குறைவு என்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கடன்தான் ஆளை விழுத்தியது. சின்னக் கடைகள் காசு தந்து எடுப்பதில்லை, வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அடுத்த முறை போனால், "அக்கா, போன முறை தந்ததே இன்னும் கிடக்கு, வித்தாப் பிறகு வாங்கோ" என்பார்கள். அவர்களில் பிழை இல்லை, அவர்களுக்கும் சனம் கடன் சொல்லித்தான் வாங்குகிறது. ஆனால் சின்னம்மாவின் முதல் முழுக்கக் கடைத்தட்டுகளில் நின்றது, வீட்டில் அடுத்த சாக்கு மெழுகுக்குக் காசில்லை. அப்போதுதான் வாராவாரம் ஆள் வந்து அறவிடுகிற ஒரு நுண்கடன் எடுத்தார். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. வன்னியில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் அந்தக் கடனில் மாட்டின ஒரு பெண்ணாவது இருப்பார். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. வட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் தொழிலுக்கு அந்தக் கடன் ஏன் பொருந்தாது என்றால், வரவு வருடத்தில் சில மாதங்களில் மட்டும்தான் வரும், தவணையோ ஒவ்வொரு கிழமையும் போகும். நடுவில் தவணைக்காகவே திரியை அடக்கவிலைக்கு விற்க வேண்டி வரும், விற்றார்.

2022

அந்த வருடத்தை இத்தொழிலில் இருந்தவர் யாரும் மறக்க மாட்டார். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மெழுகுதிரிக்கு அடிபாடு. வாசலில் வந்து நின்று காசு தந்து வாங்கினார்கள், கடைக்காரர்களே தேடி வந்தார்கள், வைத்திருந்ததெல்லாம் சில நாளில் முடிந்தது. கொப்பியில் பார்த்தால் அதுவரை இல்லாத வரவு.

ஆனால் மெழுகு இறக்குமதிச் சரக்கு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. திரியைப் பழைய விலைக்கு விற்ற காசை எடுத்துக்கொண்டு மெழுகு வாங்கப் போனால் அதே காசுக்கு முந்தி வாங்கின அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைத்தது. காஸும் இல்லை, விறகுக்கு மாறினார்கள். கையில் காசு நிறைய இருந்தது, ஆனால் தொழில் சுருங்கிவிட்டது. இலாபம் என்று நினைத்துச் செலவழித்ததில் ஒரு பகுதி உண்மையில் முதல்.

அன்றிலிருந்து எங்கள் கொப்பியில் ஒரு நிரல் கூடுதலாக இருக்கிறது. ஒவ்வொரு விற்பனைக்கும் நேரே ரூபாவோடு, அன்றைய விலையில் அந்தக் காசுக்கு எத்தனை கிலோ மெழுகு வரும் என்றும் எழுதுகிறோம். மாத முடிவில் பார்ப்பது அந்தக் கிலோவைத்தான். சாக்கில் இருக்கிற மெழுகு, திரியாக இருக்கிறது, கையில் உள்ள காசுக்கு வரக்கூடியது, இந்த மூன்றையும் கூட்டினால் போன மாதத்தைவிடக் கூடவா குறைவா? குறைந்தால் அந்த மாதம் நட்டம், கையில் எத்தனை தாள் இருந்தாலும் நட்டம்தான். விலை ஆடுகிற ஒரு நாட்டில் சின்னத் தொழிலுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

கோயில் பக்கம் திரும்பினது

பாஸ்காச் சனி இரவு கோயில் முழுக்கச் சனம் கையில் திரியோடு நிற்கும். அந்தத் திரி சின்னது, 12 மில்லிமீற்றர் தடிப்பு, 15 சென்ரிமீற்றர் நீளம் போதும். நிறை 15 கிராம் வரும், ஆகக் கிலோவுக்கு 65 திரி. மாதிரிக் கணக்கில் மெழுகு 15 ரூபா, நூல் 2, கையில் உருகி வழியாமல் இருக்கக் கீழே செருகுகிற மட்டை வட்டம் 3, மற்றச் செலவு 2, மொத்தம் 22. பங்குக் கோயிலுக்கு 35க்குக் கொடுத்தால் மிச்சம் அதே 13 ரூபா.

ஒரு திரிக்கு என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கிலோவுக்கு என்று பாருங்கள். கடைத் திரியில் ஒரு கிலோ மெழுகு 221 ரூபா மிச்சம் தருகிறது, கோயில் திரியில் 845 ரூபா. வேலை கூடத்தான், 65 தரம் நூல் கோக்க வேண்டும், 65 மட்டை வெட்ட வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு வீட்டில் ஆள் இருக்கிறது, மெழுகு வாங்கத்தான் காசில்லை. எது குறைவாக இருக்கிறதோ அதற்கு எவ்வளவு வருமானம் வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அதோடு பங்குகள் எண்ணிக்கை சொல்லித்தான் கேட்கும், அரைவாசி முற்பணமும் தரும், குறித்த திகதியில் எடுத்துவிடும். மெழுகு வாங்கி மூன்று கிழமைக்குள் காசு வீட்டில்.

ஆகச் சின்னம்மா நாட்காட்டியை வைத்துத் தொழிலை மாற்றினார். பெப்ரவரி 2 திரிகளை மந்திரிக்கிற திருநாள், பிறகு பாஸ்கா, ஜூலை 2உம் ஓகஸ்ட் 15உம் மடு, நவம்பர் 2 சேமக்காலையில் கல்லறைகளுக்குத் திரி, பிறகு நத்தார். ஒவ்வொன்றுக்கும் திரி வேறு. மடுவுக்கு வருகிறவர்கள் காட்டில் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குவார்கள், அவர்களுக்கு மாதாவுக்கு ஏற்றவும் வேண்டும், இரவில் சமைக்க வெளிச்சத்துக்கும் வேண்டும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் கனக்க, ஆகவே பக்கற்றில் சிங்களத்திலும் எழுதுகிறோம். சேமக்காலைத் திரி காற்றில் நிற்க வேண்டும், குட்டையாகவும் தடிப்பாகவும் செய்தால்தான் சரி, நவம்பர் தொடக்கம் மாரி என்பதால் ஈரமும் பார்க்க வேண்டும். போரில் இறந்தவர்களை நினைக்கிற மே 18க்கும் கேட்டு வருவார்கள். அதற்குச் சின்னம்மா விலை சொல்வதில்லை, தருகிறதை வாங்குவார், தராவிட்டால் கேட்கமாட்டார். கொப்பியில் அதற்கு வேறு பக்கம்.

நூல்தான் திரியின் உயிர்

மெழுகைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள், நூலைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. திரும்பி வந்த முறைப்பாடுகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை நூலால் வந்தவை. கரும்புகை, நுனியில் காளான் போலக் கரி கட்டுவது, ஒரு பக்கமாக வழிவது, தானாக அணைவது, எல்லாம் அதுதான்.

தொடக்கத்தில் கோயில் விளக்குக்குப் போடுகிற முறுக்கு நூலைப் போட்டார்கள், மலிவு, முருங்கன் கடையிலேயே கிடைக்கும். எண்ணெய் விளக்குக்கு அது சரி. மெழுகுதிரியில் முறுக்கு நூல் நிமிர்ந்தபடியே நிற்கும், எரிந்த நுனி சுவாலையின் நடுவிலேயே கரியாக நிற்கும், அதை யாராவது கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்கென்றே கத்தரி வைத்திருந்த காலம் உண்டு. 1825இல் பிரான்சில் கம்பசெரே என்பவர் நூலை முறுக்காமல் பின்னிப் பார்த்தார். பின்னல் நூல் எரியும்போது ஒரு பக்கம் வளையும், நுனி சுவாலையின் வெளி விளிம்புக்குப் போகும், அங்கே காற்று கூட என்பதால் அது முழுக்க எரிந்து சாம்பலாகிவிடும். இன்றைக்கு நல்ல திரியில் இருப்பது அந்தப் பின்னல்தான். விலை கூட, கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும், ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

நூலின் தடிப்பு திரியின் தடிப்போடு பொருந்த வேண்டும். நூல் தடித்தால் சுவாலை பெரிது, புகை, கெதியாகக் கரையும். மெலிந்தால் நடுவில் குழி விழுந்து உருகின மெழுகுக்குள்ளேயே நூல் மூழ்கி அணையும். இதற்குப் புத்தகத்தில் அளவு பார்ப்பதைவிட எரித்துப் பார்ப்பதுதான் நல்லது. புதுச் சாக்கு மெழுகு வந்தால் சின்னம்மா முதலில் செய்வது, ஒரு திரியை நிறுத்து, காற்றில்லாத மூலையில் ஒரு மணித்தியாலம் எரித்து, அணைத்துத் திரும்ப நிறுப்பது. இரண்டு சென்ரிமீற்றர்த் திரி மணிக்கு 6 முதல் 8 கிராம் வரை குறைந்தால் பரவாயில்லை, அதைவிடக் கூடினால் நூலைப் பார்க்க வேண்டும். மேல் தட்டில் மெழுகு விளிம்பு வரை ஒரே சீராக உருகி நிற்கிறதா, வழிகிறதா என்றும் பார்க்கிறார். எல்லாம் கொப்பியில் இருக்கிறது. ஒரு பங்கிலிருந்து "இந்தத் திரி எவ்வளவு நேரம் நிற்கும்?" என்று கேட்டால் மணித்தியாலத்தில் பதில் சொல்ல முடிகிறது. பக்கத்து ஊர்ப் பங்கொன்று அந்தப் பதிலுக்காகவே மாறி வந்தது.

நூலை அச்சில் கோக்க முன் உருகின மெழுகில் ஒருக்கால் தோய்த்து இழுத்துக் காயவிட வேண்டும். காற்றுக் குமிழ் போகும், நேராகவும் நிற்கும். மாரியில் நூலை மூடின வாளிக்குள் வைக்க வேண்டும், ஈரம் இழுத்த நூல் எரியும்போது வெடித்து வெடித்துப் பொரியும்.

வெக்கையும் நெருப்பும்

வன்னி வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மலிவு மெழுகில் எண்ணெய் கூட. கச்சான் காற்று வீசுகிற ஓகஸ்டில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்தால் பெட்டிக்குள்ளேயே திரி வளையும், ஒன்றோடொன்று ஒட்டும். மடுவுக்குக் கொண்டுபோன ஒரு பெட்டி இப்படித்தான் பழுதானது. உருகுநிலை 58 முதல் 60 பாகை உள்ள, நன்றாகச் சுத்திகரித்த மெழுகு எடுத்து, அதில் ஸ்டியரிக் அமிலம் பத்தில் ஒரு பங்கு வரை சேர்த்தால் திரி இறுகும், வெண்மையாக இருக்கும், அச்சிலிருந்தும் இலகுவாகக் கழரும். செம்புப் பாத்திரம் மட்டும் வேண்டாம், அந்த அமிலம் செம்போடு சேர்ந்து பச்சை பிடிக்கும். மெழுகு இறுகும்போது பத்து வீதத்துக்கு மேல் சுருங்கும், அதனால் நூலைச் சுற்றிக் குழி விழும், முதல் ஊற்றல் இறுகத் தொடங்கினதும் குத்திவிட்டு இரண்டாம் தரம் ஊற்ற வேண்டும். வெளியில் பார்க்க நல்லதாக இருந்து உள்ளே வெறுமையாக இருக்கிற திரிகள் இந்த இரண்டாம் ஊற்றலைத் தவிர்த்தவை.

வன்னியில் தேன் எடுக்கிறவர்களிடம் பிழிந்த அடை மிச்சம் இருக்கும், அதை உருக்கி வடித்தால் தேன்மெழுகு. பீடத்துக்கு வைக்கிற பெரிய திரிக்கு யாராவது கேட்டால் மட்டும் செய்கிறார். அளவு கொஞ்சம், விலை கூட, ஆனால் வாசம் வேறு எதிலும் வராது.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மெழுகுச் சட்டியை நேரே அடுப்பில் வைக்காதீர்கள், எவ்வளவு அவசரமென்றாலும். பெரிய பானையில் தண்ணி, அதற்குள் மெழுகுச் சட்டி. தண்ணி கொதிக்கிற மட்டும் சூடு நூறு பாகையைத் தாண்டாது. நேரே வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும், இருநூறு பாகையை ஒட்டினால் ஆவி தீப்பற்றும். பற்றினால் தண்ணி ஊற்றவே கூடாது, ஊற்றினால் எரிகிற மெழுகு கூரை வரை தெறிக்கும். அடுப்பை அணை, மூடியைப் போட்டு மூடு, அவ்வளவுதான். கிடுகுக் குசினிக்குள் உருக்கிக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு நான் சண்டை பிடித்தேன். "இத்தனை நாள் ஒண்டும் நடக்கேல்லைத்தானே மகன்" என்றார். நடக்க ஒரு நாள் போதும் சின்னம்மா என்று சொல்லி, சித்தப்பாவோடு சேர்ந்து வெளியே தகரம் போட்ட ஒரு திறந்த கொட்டில் அடித்தோம். மணல் வாளி ஒன்று, சட்டிக்கு அளவான மூடி ஒன்று எப்போதும் அங்கே இருக்கும். கையில் மெழுகு பட்டால் உரிக்கக் கூடாது, இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணிக்குள் பிடிக்க வேண்டும், பிறகும் கொப்புளம் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரி.

இப்போது

வாராந்தக் கடன் முடிந்துவிட்டது, இனி எடுப்பதில்லை. பெரிய திருநாளுக்கு முந்தி மெழுகு வாங்கக் காசு தேவைப்பட்டால் சங்கத்தில் எடுத்து, திருநாள் முடிய ஒரே தவணையில் கட்டுகிறார். சங்கம் அதற்குச் சம்மதித்ததுதான் இந்தத் தொழில் தப்பினதற்குப் பாதிக் காரணம் என்று நான் நினைக்கிறேன். பெண்களுக்குத் தொழில் தொடங்கிக் கொடுக்கிறோம் என்று வருகிறவர்கள் அச்சும் பயிற்சியும் கொடுப்பதோடு, கடனைத் திருப்பிக் கட்டுகிற காலத்தை அந்தத் தொழிலின் வரவோடு பொருத்திக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்தாகிவிட்டது. மகள் பக்கற்றில் நிறையும் எரியும் நேரமும் அச்சடிக்கிறாள். கடைகளை முழுதாக விடவில்லை, காசு தந்து எடுக்கிற இரண்டு கடைக்கு மட்டும் கொடுக்கிறார்கள்.

இப்போது தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வவுனியாவில் ஒரு மொத்தக் கடைக்காரர் வெள்ளைத் திரி பெரிய தொகையில் கேட்கிறார், காசு ஒரு மாதம் கழித்துத் தருவாராம். தொகையைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஆசை வந்தது, சித்தப்பா எடுப்போம் என்கிறார். நாங்கள் கிலோக் கணக்கைப் போட்டோம். ஒரு மாதம் அவ்வளவு மெழுகு அங்கே நின்றால் நவம்பர் 2க்கு வாங்க இங்கே முதல் இருக்காது, அந்த ஒரு திருநாளில் வருகிறது இந்தக் கட்டளை முழுவதிலும் வருவதைவிடக் கூட. அதனால் மெழுகுக்கான காசை முன்னுக்குத் தந்தால் கூலிக்கு ஊற்றித் தருகிறோம், மிச்சத்தைப் பிறகு தாருங்கள் என்று சின்னம்மா சொல்லி அனுப்பினார். இன்னும் பதில் வரவில்லை. வந்தாலும் சேமக்காலைத் திரிகள் எல்லாம் பங்குகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அச்சு அந்த வேலைக்குப் போகும் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.